பூக்கும் நாளைக் குறித்த லின்னேயஸ்

நெல்லுக்கு 'ஒரைசா சட்டைவா' என்ற அறிவியல் பெயரை 1753-ல் இட்டவர் கார்ல் லின்னேயஸ். 1707-ல் சுவீடனில் பாதிரியார் மகனாகப் பிறந்தார். மருத்துவம் படித்து, உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். செடிகளுக்குப் பெயரிட்டவராகவே உலகம் இவரை நினைக்கிறது. விவசாயிக்கு அதைவிட உதவுவது, இவர் நாள் குறித்து வைத்த பழக்கம் என்பேன்.

அந்நாட்டு அரசுக் கப்பல் தளத்தில் ஓக் மரங்களை வண்டு துளைத்து நாசமாக்கியது. அது முட்டையிடும் காலத்தைக் கண்டறிந்த லின்னேயஸ், அந்த நாட்களில் மட்டும் மரங்களைத் தண்ணீரில் மூழ்க வைக்கச் சொன்னார். வண்டுக்கு முட்டையிட இடமில்லை, மரம் தப்பியது. மருந்தே தேவைப்படவில்லை.

1750 முதல் 1752 வரை 18 இடங்களில் மரங்கள் துளிர்க்கும் நாளைக் குறிக்கச் செய்தார். பிர்ச் மரத்தின் துளிரைப் பார்த்து பார்லி விதைக்கச் சொன்னார். 1778-ல் மறைந்தார்.

தேதி ஆண்டுதோறும் மாறும். ஆனால் செடியும் பூச்சியும் வெப்பத்தைப் பொறுத்தே வளர்வதால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே முந்தும், பிந்தும். பூச்சி முதலில் தென்படும் நாளில் உங்கள் வரப்பில் எது பூத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், அந்தப் பூ மொட்டு விடும்போதே வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைக்கலாம்.