குதிரைகளைத் துரத்திய கால்கள்: ஸலமா பின் அல்அக்வஃ (ரலி)

நபித்தோழர்களில் குதிரை வீரர்கள் பலர் இருந்தார்கள். ஓடியே பெயர் பெற்றவர் என்றால் உடனே நினைவுக்கு வருபவர் ஸலமா பின் அல்அக்வஃ (ரலி). நம் காலாட்களில் சிறந்தவர் இவர் என்று நபி (ஸல்) அவர்களே பெயர் சொல்லிப் பாராட்டிய தோழர். பயான்களில் இவருடைய செய்தியை வீரக் கதையாகக் கேட்டிருப்போம். வீரம் இருக்கிறதுதான். ஆனால் தாம் எப்படி ஓடினோம் என்பதையும் அவர் தம் மகன் இயாஸிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்த நீண்ட அறிவிப்பில் பலர் வேகமாகக் கடந்துபோய்விடும் இடம் அதுதான்.

அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ஸலமா, குடும்பத்தையும் சொத்தையும் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்தவர். தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்களிடம் வேலைக்கு இருந்தார். அவருடைய குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, அதன் முதுகைத் தேய்த்துவிடுவது, ஏவிய வேலைகளைச் செய்வது. சாப்பாடும் அங்கேயே. ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவுக்கு வந்த 1,400 பேரில் இவரும் ஒருவர். அங்கே மரத்தடியில் முதலிலும் நடுவிலும் கடைசியிலுமாக மூன்று முறை பைஅத் செய்தார். ஆயுதம் இல்லாமல் நிற்கிறாரே என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தோல் கேடயம் கொடுத்தார்கள். மூன்றாம் முறை வரும்போது அதுவும் கையில் இல்லை. கேட்டால், தந்தையின் சகோதரர் ஆமிரிடம் ஆயுதம் எதுவும் இல்லை, அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நபி (ஸல்) அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அங்கிருந்து மதீனா திரும்பிய பிறகு நடந்ததுதான் தூ கரத் சம்பவம். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்கள் அவர்களுடைய பணியாளர் ரபாஹின் பொறுப்பில் மேய்ச்சலுக்குப் போயின. தல்ஹாவின் குதிரையோடு ஸலமாவும் உடன் போயிருந்தார். விடிந்தபோது அப்துர் ரஹ்மான் அல்ஃபஸாரியின் கூட்டம் மேய்ப்பவரைக் கொன்றுவிட்டு ஒட்டகங்கள் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு போயிருந்தது.

அந்த நேரத்தில் ஸலமாவின் கையில் ஒரு குதிரை இருந்தது. துரத்துவதென்றால் யாராக இருந்தாலும் அதில்தான் ஏறியிருப்பார்கள். அவரோ அதை ரபாஹிடம் கொடுத்து, தல்ஹாவிடம் சேர்த்துவிட்டு நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி சொல்லும்படி அனுப்பிவிட்டார். குதிரை பிறருடையது, செய்தியும் விரைவாகப் போய்ச் சேர வேண்டும். பிறகு ஒரு மேட்டில் ஏறி மதீனாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஆபத்தை அறிவிக்கும் கூக்குரலை மூன்று முறை எழுப்பினார். அம்புகளோடு தனி ஆளாகக் கால்நடையாகத் துரத்தத் தொடங்கினார்.

ஓடிக்கொண்டே அம்பு எய்தார். தான் அக்வஃயின் மகன் என்று அறிவிக்கும் ரஜஸ் அடிகளையும் பாடிக்கொண்டே போனார். இதை வெறும் வீறாப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நெடுந்தூரம் ஓடப் பழகுகிறவர்களுக்கு இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லும் முதல் பாடம், ஓடும்போது பேச முடிகிற வேகத்தில் ஓடு என்பதுதான். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும்தான் வாங்குகிறது என்றால் வேகம் அதிகம், சீக்கிரம் படுத்துவிடுவாய் என்று பொருள். பாட்டுப் பாடும் அளவுக்கு மூச்சைக் கையில் வைத்திருந்தவர் ஸலமா.

குதிரை வீரன் எவனாவது திரும்பி அவரை நோக்கி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து குறிபார்த்து எய்து, குதிரையை வீழ்த்துவார். பிறகு எழுந்து மறுபடியும் ஓடுவார். அந்தக் கூட்டம் குறுகலான மலையிடுக்கில் புகுந்தபோது பின்னால் போய் மாட்டிக்கொள்ளவில்லை. மலைமேல் ஏறி, மேலிருந்து கற்களை உருட்டிவிட்டார். இப்படியே நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் வந்துவிட்டன. அவர் விடவில்லை. சுமையைக் குறைப்பதற்காக அந்தக் கூட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட போர்வைகளையும் முப்பது ஈட்டிகளையும் வழியில் வீசிவிட்டு ஓடியது. குதிரைகளில் போகிறவர்கள் சுமையை எறிகிறார்கள், காரணம் பின்னால் காலால் ஓடிவரும் ஒரே ஓர் ஆள்! விழுந்த ஒவ்வொரு பொருளின் மேலும் அவர் கல்லை அடையாளமாக வைத்துக்கொண்டே போனார், பின்னால் வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பகல் உணவுக்கு அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தபோது இவரும் ஒரு குன்றின் உச்சியில் உட்கார்ந்தார். நான்கு பேர் மேலே ஏறி வந்தார்கள். உங்களில் யாரை நான் துரத்தினாலும் பிடிப்பேன், என்னை உங்களில் யாராலும் பிடிக்க முடியாது என்று சொன்னார். திரும்பிப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் மதீனாவின் குதிரை வீரர்கள் மரங்களுக்கிடையே தெரிந்தார்கள். முதலில் அக்ரம் அல்அசதீ, அவருக்குப் பின்னால் அபூகத்தாதா, பிறகு மிக்தாத் (ரலி அன்ஹும்). நபியவர்கள் வந்து சேரும்வரை பொறுத்திருக்கும்படி ஸலமா அக்ரமின் கடிவாளத்தைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தார். அவர் ஷஹாதத்தை விரும்பினார். அது அவருக்குக் கிடைத்தது. அவரைக் கொன்ற அப்துர் ரஹ்மானை அபூகத்தாதா வீழ்த்தினார்.

ஸலமா தொடர்ந்து ஓடினார். பின்னால் தோழர்களும் தெரியவில்லை, அவர்களுடைய குதிரைகள் கிளப்பும் புழுதியும் தெரியவில்லை. சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு, தாகத்தோடு இருந்த அந்தக் கூட்டம் தூ கரத் என்ற நீர்நிலைக்குத் திரும்பியது. பின்னால் அவர் ஓடிவருவதைப் பார்த்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கிருந்து விலகிப் போய்விட்டது. அவர்கள் விட்டுச்சென்ற இரண்டு குதிரைகளை ஓட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அதே தண்ணீர்த் துறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மீட்ட ஒட்டகங்களில் ஒன்றை அறுத்து பிலால் (ரலி) ஈரலையும் திமிலையும் சுட்டுக்கொண்டிருந்தார். நூறு பேரைத் தாருங்கள், ஒருவன் மிச்சமில்லாமல் முடித்துவிட்டு வருகிறேன் என்று ஸலமா கேட்டார். நெருப்பு வெளிச்சத்தில் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். அந்தக் கூட்டம் இந்நேரம் கத்ஃபான் பகுதியில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்றார்கள்.

காலையில் அவருக்குக் காலாள் பங்கு ஒன்றும் குதிரை வீரரின் பங்கு ஒன்றுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். தம்முடைய அள்பா என்ற ஒட்டகத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அன்சாரி ஒருவர், ஓட்டத்தில் யாராலும் முந்தப்படாதவர், மதீனா வரை என்னோடு ஓடுபவர் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். முந்தின நாள் முழுக்க ஓடியிருந்த ஸலமா, நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒட்டகத்திலிருந்து குதித்தார். அவர் மகனிடம் சொன்ன செய்தி இதுதான்: முதலில் ஓரிரு மேடுகள் வரை தம் மூச்சைச் சேமிப்பதற்காக வேகத்தைக் கட்டிப்போட்டார். பிறகு ஓடினார். மறுபடியும் ஓரிரு மேடுகளுக்கு அடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வேகத்தைக் கூட்டி, எதிராளியை எட்டிப் பிடித்து, இரண்டு தோள்களுக்கும் நடுவில் தட்டினார். மதீனாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவர்தான்.

மேட்டில் மூச்சை வீணாக்காதே, ஆரம்பத்தில் எதிராளி முன்னால் போனால் போகட்டும். இராணுவத் தேர்வுக்கு மைதானத்தில் 1,600 மீட்டர் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளில் பலர் செய்வது இதற்கு நேர் எதிரானது. நான்கு சுற்றில் முதல் சுற்றிலேயே எல்லாரையும் முந்திவிட வேண்டும் என்று பாய்வார்கள், மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

மதீனாவில் தங்கியது மூன்றே இரவுகள். அடுத்தது கைபர். அங்கே ஆமிர் (ரலி) வீசிய வாள் திரும்பி அவரையே வெட்டியதில் இறந்துபோனார். தன் கையாலேயே இறந்ததால் அவருடைய அமல்கள் அழிந்துவிட்டன என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஸலமா அழுதுகொண்டே நபி (ஸல்) அவர்களிடம் போனார். அப்படிச் சொன்னவர் தவறாகச் சொன்னார், ஆமிருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று அவர்கள் தெளிவாக்கினார்கள். நாள் முழுக்க ஓடியும் தளராத மனிதரை அழவைத்தது அந்த ஒரு பேச்சு. அதே கைபரில் ஸலமாவின் காலிலும் பலத்த காயம். ஸலமா தாக்கப்பட்டுவிட்டார் என்று மக்கள் பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தக் காயத்தில் மூன்று முறை ஊதினார்கள், பிறகு அதில் வலியே வரவில்லை.

அந்தக் கால்கள் மறுபடியும் ஓடின. ஹவாஸின் போரின்போது உளவாளி ஒருவன் சிவப்பு ஒட்டகத்தில் வந்து, முஸ்லிம்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, படையின் பலவீனத்தைக் கண்டுகொண்டு ஓட்டம் பிடித்தான். ஒருவர் பெண் ஒட்டகத்தில் அவனைத் துரத்தினார். ஸலமா கால்நடையாக ஓடி அந்தப் பெண் ஒட்டகத்தைக் கடந்தார், பிறகு உளவாளியின் ஒட்டகத்தை எட்டி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மண்டியிட வைத்து அவனை வீழ்த்தினார். அவனுடைய உடைமைகள் முழுவதும் அவருக்கே என்று தீர்ப்பானது.

நபியவர்களோடு ஏழு போர்களில் கலந்துகொண்டவர். ஸஹீஹுல் புகாரியில் மூன்றே அறிவிப்பாளர்களோடு நபியவர்களைச் சென்றடையும் ஹதீஸ்களில் பெரும்பாலானவை இவர் வழியாகவே வருகின்றன. உஸ்மான் (ரலி) கொல்லப்பட்ட பிறகு, குழப்பங்களிலிருந்து விலகி ரபதாவுக்குப் போனார். அங்கே திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஹிஜ்ரத் செய்தவர் மறுபடியும் கிராமவாசியாகிவிட்டாரா என்று ஹஜ்ஜாஜ் குத்தலாகக் கேட்டபோது, பாலைவன வாழ்வுக்கு நபி (ஸல்) அவர்களே தமக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னார். இறப்பதற்குச் சில இரவுகள் முன்பு மதீனாவுக்குத் திரும்பி வந்தார். ஹிஜ்ரி 74-ல் அங்கேயே வஃபாத்தானார்.