ஹெர்மான் ஸ்டௌடிங்கர்

கற்றோர் அவையிற் புதியதோர் உண்மையை எடுத்துரைத்தல் அரிது. அவ்வவையினர் மறுத்து நின்றபோதும் அவ்வுண்மையினின்று பிறழாது நிற்றல் அதனினும் அரிது. இவ்விரண்டனையும் செய்து காட்டிய ஜெர்மானிய இரசாயன வல்லுநர் ஹெர்மான் ஸ்டௌடிங்கரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள், ரைன் நதிக்கரையிலுள்ள வொர்ம்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் தத்துவ நூற்பயிற்சி மிக்கவர். இளமையில் ஸ்டௌடிங்கரின் உள்ளம் தாவர நூலையே நாடிற்று. அதற்குத் துணையாகக் கற்கத் தொடங்கிய இரசாயனமே பின்னர் இவரது வாழ்நாட் பணியாயிற்று. 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்; 1912இல் ஸூரிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பேராசிரியராயினார்.

ரப்பர், பருத்தி முதலிய பொருள்கள் சிறு மூலக்கூறுகள் மெல்லிய கவர்ச்சியால் திரண்டமையால் ஆயவை என்பது அக்காலத்து வல்லுநர் பலரது கொள்கை. ஸ்டௌடிங்கர் 1920இல் இதனை மறுத்தார். அவை குவித்து வைத்த பூக்கள் போல்வன அல்ல, நாரினால் தொடுத்த மாலை போல்வன என்பதே இவர் கொள்கையின் சாரம். ஆயிரக்கணக்கான சிறு கூறுகள் உறுதியான இரசாயனப் பிணைப்பினால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு ஒரே நெடுஞ்சங்கிலியாய் நிற்கின்றன என்றார்.

சொல்லோடு அமையாது சோதனையும் செய்தார். 1922இல் ரப்பருடன் ஹைட்ரஜன் வாயுவைக் கூட்டினார். மாற்றார் கொள்கை மெய்யாயின், திரளைப் பிணிக்கும் கவர்ச்சி அற்று, எளிதில் வடித்தெடுக்கத்தக்க சிறு பொருளே எஞ்சுதல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கிடைத்த பொருள் ரப்பரைப் போன்றே குழகுழத்த கரைசலைத் தந்தது. அத்தகைய நெடிய அமைப்புக்கு இவர் இட்ட பெயரே பெருமூலக்கூறு என்பது.

எனினும் அறிஞருலகம் உடனே இணங்கவில்லை. 1926இல் டுஸ்ஸல்டார்ப் நகரிற் கூடிய பேரவையிலும் இவர் கடும் எதிர்ப்பை ஏற்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே பிரைபர்க் பல்கலைக்கழகம் சென்று, சங்கிலி நீளுந்தோறும் கரைசலின் பிசுபிசுப்பு மிகுதலை அளந்து காட்டினார். ஸ்வீடனில் ஸ்வெட்பெர்க்கும் அமெரிக்காவிற் கரோதர்ஸும் செய்த ஆராய்ச்சிகள் இவருக்கு அரண் செய்தன. கரோதர்ஸின் ஆய்வுக்கூடத்தில் 1935இல் நைலான் பிறந்தது.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியிலும் இவர் அஞ்சாநெஞ்சினரே. முதல் உலகப் போர்க்காலத்தில், அப்போர் நீடித்தலையும் நச்சுவாயுவின் கொடுமையையும் கண்டித்தெழுதித் தம் நாட்டாரின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். அதன் பயனாக 1934இல் நாஜி ஆட்சியினர் இவரைப் பதவி விலகற் கடிதம் எழுதித் தரும்படி வற்புறுத்தினர். ஆயினும் அது நிறைவேற்றப்படவில்லை. 1944இல் குண்டு வீச்சினால் இவரது ஆய்வுக்கூடம் பாழாயிற்று. தாவர நூல் வல்லவராகிய மனைவியார் மாக்தா, ஆராய்ச்சியில் உடனுழைத்தார்.

1953இல், தமது எழுபத்திரண்டாம் அகவையில், நோபெல் பரிசு பெற்ற இப்பெரியார், 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிரைபர்க்கில் மறைந்தார்.

காலத்தின் விந்தை ஒன்றையும் ஈண்டுக் கூறல் வேண்டும். மெல்லிய கவர்ச்சியால் மூலக்கூறுகள் தாமே கூடி உருக்கொள்ளும் பொருள்களைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். அத்துறையினர் மூவர் 1987இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆகவே, குவித்த பூவிற்கும் இயற்கையில் இடமுண்டு. ஆயினும் ரப்பர் தொடுத்த மாலையே என்பதை நிலைநாட்ட ஒருவர் எதிர்ப்பிற் கலங்காது உழைக்க வேண்டியிருந்தது. மறுப்போரை வெகுளாது, மீண்டும் சோதனைச்சாலைக்கே திரும்பிய அம்மனவுறுதியை மாணவராகிய நாம் மறவாதிருப்போமாக.