கிடாவை வாடகைக்கு விட்ட உழவர்

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆனால், தாயின் எந்தப் பண்பு குட்டிக்குச் சேரும்? எது சேராது? இக்கேள்விக்குத் தம் பண்ணையிலேயே விடை தேடியவர் இராபர்ட் பேக்வெல்.

பேக்வெல் 1725ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வட்டாரத்திலுள்ள டிஷ்லியில், குத்தகை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் பல ஊர்களுக்குச் சென்று, அங்குள்ளோர் கால்நடை வளர்க்கும் முறைகளைக் கூர்ந்து கவனித்தார். பின்னர், தந்தையின் பண்ணைப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் கிடாக்களும் பெட்டை ஆடுகளும் மேய்ச்சல் நிலங்களில் கலந்தே மேய்ந்தன. எந்தக் குட்டி எந்தக் கிடாவின் வாரிசு என்பது தெரியாது. பேக்வெல் இரண்டையும் பிரித்து வைத்தார். எலும்பு சிறுத்து, சதை பிடித்து, விரைவில் எடை கூடும் ஆடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார். ஒரே குடும்பத்து ஆடுகளை இணை சேர்க்கவும் அவர் தயங்கவில்லை. இவ்வாறு புதிய லெஸ்டர் என்னும் செம்மறி இனம் உருவாயிற்று. இறந்த ஆடுமாடுகளின் எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளையும் வீட்டிலேயே வைத்து, தலைமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்.

சிறந்த கிடாக்களை அவர் விற்கவில்லை. ஒரு பருவத்திற்கு மட்டும் வாடகைக்கு விட்டார். தொடக்கத்தில் ஒரு பவுனுக்கும் குறைவாக இருந்த வாடகை, பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கினிகளாக உயர்ந்தது. இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஒரே கிடாவின் குட்டிகள் வெவ்வேறு பண்ணைகளில், வெவ்வேறு தீவனத்தில் வளர்ந்தன. எங்கு வளர்ந்தாலும் நன்றாக விளங்கிய குட்டிகளின் தந்தையையே அவர் மீண்டும் தேர்ந்தெடுத்தார். தீவனத்தின் பயன் எது, பிறப்பின் பயன் எது என்பதை அவர் இவ்வாறு பிரித்தறிந்தார்.

பேக்வெல் விலங்குகளை அடிக்கவிடமாட்டார். அவருடைய முரட்டுக் காளைகளைக்கூட ஒரு சிறுவன் சிறு குச்சியுடன் ஓட்டிச் செல்வான். தேடி வந்தோரை எல்லாம் அவர் விருந்தோம்பி மகிழ்ந்தார். வருவாய் பெருகியபோதும் கடனில் சிக்கித் தவித்தார். ஆயினும், தம் முயற்சியைக் கைவிடவில்லை.

அவர் வளர்த்த நீள்கொம்பு மாடுகள் அவருக்கு முழு வெற்றியைத் தரவில்லை. சதை கூடியது, ஆனால், பாலும் ஈனும் திறனும் குறைந்தன. ஒரு பண்பை மட்டுமே நாடினால் மற்றொன்றை இழக்க நேரிடும் என்பதை அம்மாடுகள் உணர்த்தின. பேக்வெல் 1795ஆம் ஆண்டு காலமானார். பின்னாளில் சார்ல்ஸ் டார்வின் தம் ஆய்வுக்கு அவரது பணியையும் சான்றாகக் கொண்டார்.

இன்று அறிவியலாளர்கள் மரபுவழி வரும் அளவைச் சுழியத்திற்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணால் குறிக்கின்றனர். பால் அளவுக்கு அது ஏறக்குறைய 0.3. சினைபிடிக்கும் திறனுக்கோ பெரும்பாலும் 0.1க்கும் குறைவு. ஆகவே, பாலைப் பெருக்க நல்ல பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது பெரிதும் உதவும். சினைபிடிப்புக்குத் தீவனமும் பராமரிப்புமே முதன்மையானவை.

நம் நாட்டில் உருவான மாஃப்ரிவால் மாடும் இவ்வழியில் வந்ததே. பால் மிகுந்த ஃபிரிசியனையும் வெயில் தாங்கும் சாகிவாலையும் இணைத்து அது உருவாக்கப்பட்டது. டிஷ்லி உழவர் கேட்ட கேள்வி இன்று நம் தொழுவங்களிலும் தொடர்கிறது.