ஸர் வால்டர் ஸ்காட் பட்ட கடன்

ஸர் வால்டர் ஸ்காட்டின் நாவல்களைக் கற்றோர் பலர். அவர் வியாபாரத்தில் நொடித்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1771-ல் எடின்பரோ நகரில் வழக்குரைஞர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த இவர், 1792-ல் தாமும் நியாயவாதியானார். நூல்கள் எழுதிப் பெரும்பொருள் ஈட்டினார். ஆயின், 1805 முதல் ஜேம்ஸ் பாலண்டைன் என்னும் நண்பரின் அச்சுக்கூடத்தில் இரகசியக் கூட்டாளியாய் இருந்தமை கேடாய் முடிந்தது. அச்சுக்கூடத்தாரும் கான்ஸ்டபிள் என்னும் புத்தக வியாபாரியும், ஒருவர் உண்டியலுக்கு மற்றவர் கையொப்பமிட்டுப் பணம் புரட்டி வந்தனர். அப்போட்ஸ்போர்டில் நிலம் வாங்குவதிலேயே கண்ணாயிருந்த ஸ்காட் அதனைத் தடுத்தாரில்லை. சட்டம் கற்றவர் இவ்வாறிருந்தது வியப்பே. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் ஏஜண்டுகள் வீழ்ந்தனர், அவரும் வீழ்ந்தார், அச்சுக்கூடமும் வீழ்ந்தது. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் ஸ்காட்டின் தலைமேல் நின்றது.

அவர்முன் இரு வழிகள் இருந்தன. உள்ள சொத்தைக் கோர்ட்டார் மூலம் ஒப்புவித்து விடுதலை பெறுவது ஒன்று. நம்மவர் மஞ்சட் கடிதம் கொடுத்தல் என்பது இது போன்றதே. அதன்பின் எழுதும் நூல்களின் ஊதியம் அவருக்கே உரியதாகும். கான்ஸ்டபிள் அவ்வழி சென்றார். அவருக்குக் கடன் கொடுத்தோர் பவுனுக்கு மூன்று ஷில்லிங்கும் பெற்றிலர். மற்றொன்று, கடன் கொடுத்தோரின் இசைவு பெற்று, சொத்தையும் இனி எழுதுவனவற்றின் ஊதியத்தையும் தர்மகர்த்தாக்களிடம் பத்திரமெழுதி ஒப்புவிப்பது. ஸ்காட் இதனையே கொண்டார். தாமே சட்டமறிந்தவராயினும், தம் காரியத்தை ஜான் கிப்ஸன் என்னும் வழக்குரைஞரிடம் விட்டது நல்லறிவு.

இத்தகைய பத்திரம் இசைந்தோரை மட்டுமே கட்டும். 1827-ல் லண்டன் வியாபாரிகள் சிலர் இசையாது, அவரைச் சிறையிலிடுவதாய் அச்சுறுத்தினர். கடனாளிகளுக்குப் புகலிடமாயிருந்த ஹோலிரூட் மடத்தெல்லையுள் ஒளியவும் அவர் எண்ணினார். அப்போது பாங்கி முதலாளி வில்லியம் போர்ப்ஸ், ஸ்காட் அறியாதவாறு, தம் பணத்தால் அக்கடனைத் தீர்த்தார். இளமையில் ஸ்காட் விரும்பிய பெண்ணை மணந்தவர் இவரே.

எடின்பரோ வீடு விற்கப்பட்டது; 1826 மே மாதத்தில் மனைவியாரும் இறந்தார். ஸ்காட் எழுதுகோலை விடவில்லை. நெப்போலியன் சரித்திரம் 1827-ல் ஒன்பது பாகங்களாய் வெளிவந்தது. அவ்வாண்டு டிஸம்பரில் பவுனுக்கு ஆறு ஷில்லிங்கும், 1830-ல் மேலும் மூன்று ஷில்லிங்கும் கொடுக்கப்பட்டன. கடன் கொடுத்தோர் மனமுவந்து அவருடைய புத்தகசாலையைத் திருப்பியளித்தனர். பக்கவாதம் கண்டு 1832 செப்டம்பரில் அவர் இறந்தார். எஞ்சிய கடன், ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகையாலும் நூலுரிமையாலும் 1847-க்குள் முற்றும் தீர்ந்தது.