கானகக் காவலர் ஜிம் கார்பெட்



நம் நாட்டின் அரசுச் சின்னத்தை நீங்கள் அறிவீர்கள். கேடயத்தின் இருமருங்கிலும் இரண்டு புலிகள் நின்று அதனைத் தாங்குகின்றன. அப்புலிகள் நம் காடுகளில் இன்று 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று, 2016 முதல் 2020 வரை நடைபெற்ற கணக்கெடுப்பு தெரிவித்தது. தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர், இருள் பிரியுமுன் பால்மரம் சீவச் செல்கையில் புலிக்கு அஞ்சியவர்கள். அவ்வாறு அஞ்சத்தக்க விலங்கை ஏன் காக்க வேண்டும் என்று நம்முள் சிலர் வினவக் கூடும். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர் ஒருவர் உளர். அவரே ஜிம் கார்பெட். பிறரை வேட்டைக்கு அழைத்துச் சென்று வழிகாட்டிய அவர், பின்னர்க் கானகத்தின் காவலராக மாறிய வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இமயமலையின் அடிவாரத்தில் குமாவோன் என்னும் மலைநாடு உள்ளது. அது இன்று இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள நைனிடால் என்னும் ஊரில் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் கார்பெட் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் அஞ்சலக அதிகாரி. கார்பெட் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். பெரிய குடும்பத்தைத் தாயாரே தாங்கி வளர்த்தார்.

குளிர்காலத்தில் அக்குடும்பம் மலையினின்றும் இறங்கிக் காலாதூங்கி என்னும் சிற்றூரில் தங்கும். வீட்டைச் சுற்றிலும் காடு. அக்காடே கார்பெட்டுக்கு இரண்டாவது பள்ளிக்கூடம் ஆயிற்று. பறவைகளின் ஒலியையும் விலங்குகளின் அடிச்சுவட்டையும் அவர் அங்கே பயின்றார். அவருக்கு முதன்முதலில் கிடைத்த இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு குழல் வெடித்துப்போனது. அதனைக் கம்பியால் சுற்றிக் கட்டிப் பயன்படுத்தினார். குன்வர் சிங் என்னும் உள்ளூர் வேட்டைக்காரர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். காட்டில் ஓசையின்றி நடப்பதையும், அச்சத்தை அடக்குவதையும் கார்பெட் அவரிடம் கற்றார். பிற்காலத்தில் பெரும் பதவியினருக்கெல்லாம் வழிகாட்டிய கார்பெட்டுக்கு வழிகாட்டியவர் ஓர் எளிய கிராமவாசியே என்பதை நாம் மறத்தலாகாது.

உழைப்பாளரோடு உழைப்பாளராக

குடும்பச் சுமையின் காரணமாகக் கார்பெட் உயர்கல்வி பெற இயலவில்லை. இளம் வயதிலேயே இரயில்வே வேலையில் சேர்ந்தார். கங்கைக் கரையிலுள்ள மொக்காமே காட் என்னும் துறையில், ஒரு கரையின் இரயில் பாதையிலிருந்து மறுகரையின் பாதைக்குச் சரக்குகளை மாற்றி அனுப்பும் குத்தகைப் பணியை ஏற்றார். அப்பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

தொடக்கத்தில் வேலை மலைபோல் குவிந்து கிடந்தது. கார்பெட்டும் நிலைய அதிகாரி ராம் சரணும் கூடையும் மண்வாரியும் எடுத்துத் தொழிலாளரோடு சேர்ந்து உழைத்தனர். வர வேண்டிய பணம் வாராமையால் கூலி கொடுக்க இயலாத நிலையும் ஏற்பட்டது. தொழிலாளர்கள் ஒருவேளை உணவு உண்டு வேலையைக் கைவிடாது காத்தனர். அவர்களுள் ஒருவரான சாமாரி, சமுதாயத்தின் அடித்தட்டில் பிறந்தவர். அவரைக் கார்பெட் ஒரு தொழிலாளர் குழுவுக்குத் தலைவராக்கினார். சாமாரி காலராவினால் மறைந்தபோது, எல்லாச் சாதியினரும் அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்தனர்.

தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஆனால் மேல்சாதிப் பிள்ளைகள் பிறரோடு ஒரே குடிசைக்குள் அமரலாகாது என்னும் தடை எழுந்தது. அதற்காகப் பள்ளியை மூடினார்களா? இல்லை. குடிசையின் சுவர்களை அகற்றிவிட்டனர்! கூரை மட்டும் நின்றது. சுவரில்லாத கொட்டகையில் அனைவரும் அமர்வதற்குத் தடையேதும் இல்லாமற் போயிற்று. சின்னஞ்சிறு பள்ளியாகத் தொடங்கிய அது நாளடைவில் பெரிதாக வளர்ந்தது. தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை அறிந்த நமக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடுவதாகும்.

வேட்டை என்னும் பொழுதுபோக்கு

அக்காலத்தில் பெருவிலங்கு வேட்டை, அரசர்களுக்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் உரிய பெரும் பொழுதுபோக்காக இருந்தது. விருந்தினர் வருமுன்னே காடறிந்தவர்கள் சென்று புலியின் அடிச்சுவட்டைத் தேடுவர். எருமைக் கன்றை இரையாகக் கட்டி வைப்பர். மரத்தின்மேல் பரண் அமைப்பர். பின்னர் நூற்றுக்கணக்கான ஆட்கள் பறையடித்தும் கூச்சலிட்டும் புலியைப் பரணை நோக்கி விரட்டுவர். சில வேளைகளில் யானைகளும் அணிவகுக்கும். பரண்மேல் இருப்பவர் சுடுவார், படம் எடுத்துக்கொள்வார், ஊர் திரும்புவார். தரையில் நின்று புலியை விரட்டிய ஏழைகளின் உயிருக்குத்தான் இடர் மிகுதி.

இத்தகைய வேட்டைகளை நடத்துவதில் கார்பெட்டுக்கு நிகரானவர் அரியர். இந்தியாவின் வைசிராயாக இருந்த லின்லித்கோ பிரபுவுக்கும் அவர் வேட்டைகளை ஏற்பாடு செய்து தந்தார். அவரும் வேட்டையை விரும்பியவரே. ஆட்கொல்லி அல்லாத ஒரு மாபெரும் புலியை 1930ஆம் ஆண்டு பவல்கரில் அவர் சுட்டு வீழ்த்தியது உண்டு. பெரியோர் வரலாற்றைக் கூறுமிடத்து இதனை மறைத்தல் முறையன்று.

சம்பாவத் புலி

1907ஆம் ஆண்டு கார்பெட்டின் வாழ்வில் மறக்கவொண்ணாதது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற ஒரு பெண்புலி, அங்கிருந்து துரத்தப்பட்டுக் குமாவோனுக்குள் புகுந்து மேலும் 200-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மொத்தம் 436 உயிர்கள்! அதனைக் கொல்ல வேண்டுமென்று அரசினர் கார்பெட்டை அழைத்தனர். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப் பணத்தை நீக்க வேண்டும். மற்ற வேட்டைக்காரரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகச் சுடுபவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை.

அவர் சென்ற ஊரில் மக்கள் ஐந்து நாள்களாகக் கதவைத் திறக்காமல் அடைபட்டுக் கிடந்தனர். ஓரிடத்தில் பேச்சிழந்த பெண் ஒருத்தியையும் கண்டார். ஓராண்டுக்கு முன்னர் அவளுடைய தமக்கையைப் புலி கவ்விச் சென்றது. அவள் கையில் அரிவாளுடன் அதன் பின்னே ஓடினாள். புலி திரும்பிச் சீறிப் பாய்ந்தது. உயிர் தப்பி ஊருக்கு ஓடிவந்து வாய் திறந்தாள், குரல் எழவில்லை. அன்று போன பேச்சு மீளவேயில்லை.

சம்பாவத் அருகே ஏறத்தாழ 300 ஊர்மக்கள் திரண்டு புலியை விரட்டினர். கார்பெட் தரையில் நின்று சுட்டார். தோட்டாக்கள் தீர்ந்துபோகவே, உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் புலியை வீழ்த்தினார். அதன் தோலைப் பேச்சிழந்த பெண்ணின் ஊருக்கு எடுத்துச் சென்று விரித்துக் காட்டினார். அதனைக் கண்டதும் அப்பெண் உரக்கக் கூவியவாறு தெருவில் ஓடி ஊராரை அழைத்தாள். ஓராண்டுக் காலம் அடைபட்டிருந்த குரல் திரும்பிற்று!

ஒரு தோட்டாவின் விலை

இவ்விடத்தில்தான் நாம் கருத்தூன்ற வேண்டும். இறந்த புலியின் வாயைக் கார்பெட் ஆராய்ந்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. என்றோ ஒருநாள், யாரோ ஒருவர் சுட்ட குண்டினால் நேர்ந்த ஊனம் அது. மானையும் பன்றியையும் பிடிக்க முடியாமற் போன புலி, எளிய இரையாகிய மனிதனைத் தேடிற்று. குறி தவறிச் சுட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. தாம் காயப்படுத்திய புலியைத் தேடிச் சென்று வேலையை முடிக்காமல் அவர் திரும்பிவிட்டார். அதற்குரிய விலையை 436 பேர் தம் உயிரால் செலுத்தினர்.

பின்னரும் கார்பெட் இவ்வாறே ஆராய்ந்தார். முக்தேசர் என்னும் இடத்தில் 24 பேரைக் கொன்ற பெண்புலியின் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் ஏறத்தாழ 50 தைத்திருந்தன. ஒரு கண்ணும் போயிருந்தது. ஆட்கொல்லிப் புலிகளுள் பத்தில் ஒன்பது காயத்தாலும், எஞ்சிய ஒன்று முதுமையாலும் அவ்வாறு ஆனவை என்பது அவர் கண்ட முடிவு. புலி இயல்பில் மனிதனுக்குப் பகையன்று என்பதை அவர் ஊரறிய எடுத்துரைத்தார்.

கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரிகரை நடுங்க வைத்த ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் அவரே 1926ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் வீழ்த்தினார். அது 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றிருந்தது. 1938ஆம் ஆண்டு தாக் என்னும் ஊரின் ஆட்கொல்லியைக் கொன்றபோது அவருக்கு வயது 63.

துப்பாக்கிக்குப் பதில் ஒளிப்படக் கருவி

காலப்போக்கில் கார்பெட் துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை மிகுதியும் கையில் ஏந்தினார். கருவியின் ஓசையைக் கேட்டால் புலி ஓடிவிடும் என்பதால், ஓடையை அணைகட்டித் தடுத்துச் சிறு நீர்வீழ்ச்சி உண்டாக்கினார். நீரின் சலசலப்பில் கருவியின் ஓசை மறைந்தது. அவ்விடத்தில் மறைந்திருந்து ஏழு புலிகளைப் படம்பிடித்தார். புலியைச் சுட்டவர் ஒருவர் மட்டுமே மகிழ்வார். அதன் படத்தையோ எத்தனை பேரும் கண்டு மகிழலாம் அன்றோ?

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936ஆம் ஆண்டு அவ்வட்டாரத்தில் அமைவதற்கு அவரும் துணை நின்றார். 1944இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய நூல் உலகெங்கும் பரவியது. முதற்பதிப்பின் வருவாயைப் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களின் விடுதிக்கு அளித்தார். சோட்டி ஹல்த்வானி என்னும் ஊரின் நிலத்தை வாங்கி, உழவரைக் குடியமர்த்தி, பயிரைக் காட்டு விலங்குகள் அழிக்காவண்ணம் ஊரைச் சுற்றிக் கல்மதிலும் எழுப்பினார்.

இறுதி நாள்கள்

1947ஆம் ஆண்டு தம் தமக்கை மேகியுடன் கார்பெட் கென்யா நாட்டுக்குச் சென்றார். நியேரி என்னும் ஊரில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் வாழ்ந்த சிறு வீட்டிலேயே இருவரும் வாழ்ந்தனர். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் நீத்தார். அவர் மறைவுக்குப் பின், மேற்சொன்ன தேசியப் பூங்காவுக்குக் கார்பெட் என்று பெயரிடப்பட்டது. 1973ஆம் ஆண்டு இந்தியாவின் புலிகள் காப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கப்பெற்றது.

நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968ஆம் ஆண்டு, தென்கிழக்காசிய நிலப்பகுதிப் புலிகளின் அறிவியற்பெயரில் கார்பெட்டின் பெயர் சேர்க்கப்பட்டது. நம் மலாயாப் புலியும், 2004ஆம் ஆண்டு தனித் துணையினம் என்று பிரிக்கப்படும் வரை, அப்பெயராலேயே வழங்கி வந்தது.

நாம் கற்க வேண்டியது

நம் காடுகளில் இன்று துப்பாக்கியினும் கொடியது கம்பிக் கண்ணி. பன்றிக்கென்று வைத்த கண்ணியில் புலியின் கால் சிக்குகிறது. கால் இழந்த புலி காட்டில் இரை பிடிக்க இயலாது. அது எங்கே வரும் என்பதைச் சம்பாவத் நமக்குச் சொல்லிவிட்டது. எனவே, தோட்டத்தின் ஓரத்தில் கண்ணி வைப்பவர் புலிக்கு மட்டுமன்று, விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் நம் தாய் தந்தையர்க்கும் தீங்கு செய்கிறார். பயிரைக் காக்கக் கார்பெட் எழுப்பியது மதிலே.

மாணவச் செல்வங்களே! கவனமின்றிச் செய்து பாதியில் விட்ட செயலின் துன்பம், நாம் அறியாத யாரோ ஒருவரின் வாயிலில் போய் நிற்கும். எடுத்த செயலை முடிப்போம், எவ்வுயிரையும் ஊனப்படுத்தாதிருப்போம், நம் அரசுச் சின்னத்துப் புலிகள் நம் காட்டிலும் நிலைத்து வாழ வழிசெய்வோமாக!