செயின்சா தந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டீல்: பழைய மிஷின் வாங்கும் முன் படியுங்கள்

பழவேற்காடு பக்கம் வேலிகாத்தான், சவுக்கு விறகு அறுக்கப் பழைய செயின்சா தேடுகிறீர்களா? அதை ஒற்றை ஆள் தூக்கும் மிஷினாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல். 1896-ல் சூரிச்சில் பிறந்து, ஜெர்மனியில் தொழில் நடத்திய பொறியாளர். மரத்தை ரம்பத்திடம் இழுத்து வருவானேன், ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோவோம் என்பதுதான் அவர் யோசனை.

1926-ல் அவர் செய்த முதல் ரம்பம் கரண்டில் ஓடியது. காட்டில் கரண்டுக்கு எங்கே போவது? 1929-ல் பெட்ரோல் மிஷின் செய்தார். எடை 46 கிலோ, பிடிக்க இரண்டு பேர் வேண்டும். இடையில் ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் அமெரிக்கப் படை அவரைக் காவலில் வைத்தது. வெளியே வந்து 1950-ல் ஒரே ஆள் பிடிக்கும் பெட்ரோல் செயின்சாவைக் கொண்டுவந்தார். 1959-ல் வந்த மாடல் சுமார் 12 கிலோதான். 1973-ல் காலமானார்.

எடையைக் குறைக்கவே அவருக்கு முப்பது வருஷம் ஆனது. நீங்கள் ஏன் விறகுக்குப் பெரிய மிஷினைச் சுமக்க வேண்டும்? 14 அல்லது 16 இஞ்ச் பார் போதும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறவிட்டு உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கயிறு லேசாக வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். செயின் நுனியை வெறும் அட்டைக்கு நேராகப் பிடித்து ஓட்டினால் ஆயில் தெறிக்க வேண்டும். ஏரிக்கரை உப்புக்காற்றில் கிடந்த மிஷின் என்றால் போல்ட்டுகளில் துருவைப் பாருங்கள். செயின் பிரேக் பிடிக்காவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.