மூக்கை அளந்தவர்களும் அண்ணல் அம்பேத்கரும்

வெள்ளி விழா மலருக்கு அண்ணல் அம்பேத்கர் வாழ்வை எழுதுமாறு நம் சங்கத்தார் பணித்தனர். மகாத் குளமும் அரசியல் சட்டமும் நம் பிள்ளைகள் நன்கறிந்தவை. ஆரியர் யார், தீண்டப்படாதோர் யார், இருவர் உடலிலும் ஓடுவது வெவ்வேறு குருதியா என்னும் வினாவை அவர் வாழ்நாள் முழுதும் விடாது ஆராய்ந்த வரலாற்றையே ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் நம் இளைஞர் கூடுமிடங்களில் இன்றும் ஓயாத வழக்கன்றோ அது!

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் மகனாகப் பீமராவ் பிறந்தார். பள்ளியில் கோணியை விரித்துத் தனியே அமர்ந்தார். பணியாள் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீரில்லை. அதே 1891இல் ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, வங்காளத்துச் சாதியாரின் உடலளவுகளை நூலாக வெளியிட்டார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் இனத்தைக் காட்டும் என்பதும், அவ்வெண் குறையக் குறையச் சமூக மதிப்பு உயரும் என்பதும் அவர் துணிபு. சென்னை அரும்பொருட்காட்சியகத்துக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலுடன் தென்னாட்டைச் சுற்றினார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவர் நூலில் நம் மக்களும் உளர். மலையாளிகள் எனப்படும் கல்வராயன் மலைக் குடிகளும் உளர். அம்மலைமக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்று கூறும் வழிவழிச் செய்தியையும் அந்நூல் பதிந்துள்ளது. அதற்கு நன்றி கூறலாம். ஆயினும், கருவியைப் பிடித்தவரின் மூக்கை அளந்தவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் பீமராவ் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1916 மே 9ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது மாணவராகக் கட்டுரை ஒன்றைப் படித்தார். இந்தியர் பல இனத்தார் கலந்து பண்பாட்டால் ஒன்றானவர் என்றும், அவ்வாறு கலந்த மக்களிடையே ஒரு வகுப்பார் தம் கதவை அடைத்துக்கொள்ள, ஏனையோரும் அடைத்துக்கொள்ளலாயினர் என்றும், அகமணமே சாதியின் உயிர்நாடி என்றும் அவர் நிறுவினார். உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் அக்கதவு திறவாதிருக்க இட்ட தாழ்கள் என்றார். சாதியை இனத்திலிருந்து பிரித்துக் காட்டிய அக்கட்டுரையை நம் இளைஞர் அவசியம் படித்தல் வேண்டும்.

பின்னர்ப் போராட்டங்கள் அவரை ஈர்த்துக்கொண்டன. 1927இல் மகாத், 1930இல், நம் இரட்டைமலை சீனிவாசனாருடன் இலண்டன் வட்டமேசை மாநாடு. ஆயினும் பழைய வினா அவரை விடவில்லை. 1946இல் சூத்திரர் யார் என்ற நூலை மகாத்மா பூலேவுக்குக் காணிக்கையாக்கினார். பூலேவோ ஆரியரை வெளியிலிருந்து வந்து வென்றவராகக் கண்டவர். ஆரிய இனம் என ஒன்றை வேதம் அறியாது, படையெடுப்புக்குச் சான்றில்லை என்று அக்காணிக்கை நூலிலேயே அம்பேத்கர் மறுத்தார். 1948இல் தீண்டப்படாதோர் குறித்த நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்குப் படைத்தார். ரிஸ்லி பயன்படுத்திய மூக்கு எண்ணையே அதில் எடுத்துக்கொண்டு மாகாணந்தோறும் ஒப்பிட்டார். பிராமணர் எவ்வினமோ, தீண்டப்படாதோரும் அவ்வினமே என முடித்தார். பகைவன் கருவியைக் கொண்டே பகைவன் கோட்டையை இடித்த செயல் அது.

அந்நாளில் மூக்குதான் சான்று. மரபணுவின் வடிவம் வெளிப்பட்டது 1953இல். 1956இல் அண்ணல் மறைந்தார். எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் கலையை அவர் அறியார். 2013இல் ஐதராபாத் அறிஞரும் அமெரிக்க அறிஞரும் 73 குடிகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை, பழங்குடிகள் உட்பட ஏறக்குறைய அனைவரும் கலந்தனர். பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகியது. 1916இல் அம்மாணவர் கூறியதும் இதுவேயன்றோ?

ஆனால் கணக்கை முழுமையாகக் கூறல் வேண்டும். 2019இல், அரியானாவின் ராகிகடியில் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணொருத்தியின் மரபணு வெளியாயிற்று. 61 மாதிரிகளில் பயன்தந்தது அந்த ஒன்றே. வடக்கிலுள்ள புல்வெளி நாட்டாரின் சாயல் அவளிடம் இல்லை. அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வு, அப்புல்வெளி மக்கள் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே இங்கு வந்து கலந்தனர் என்றது. இந்தோ-ஐரோப்பிய மொழியும் அவர்களோடு வந்தது என்பதே ஆய்வாளருள் பெரும்பாலோர் கருத்து. வடநாட்டுப் பிராமணர் முதலிய சில குடிகளில் அப்பங்கு சற்று மிகுதி. எனவே வெளியிலிருந்து எவரும் வந்ததற்குச் சான்றில்லை என்ற அண்ணலின் முடிவு இன்று திருத்தம் பெறுகிறது. இதனை மறைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. ஆயினும் வந்தோர் வென்றனரா, மணந்தனரா என்பதை மரபணு மட்டும் கூறிவிடாது. தூய இனம் என்பதோ எவர் எலும்பிலும் அகப்படவில்லை. நாமே கலப்பற்ற ஆதிக்குடி என நம்முள் சிலர் மேடையில் முழங்குவதற்கும் அதில் இடமில்லை.

1935இல் ரமாபாய் அம்மையாரை இழந்த அண்ணல், தீண்டப்படாதோர் நூல் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 15ஆம் நாள், பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவ்வம்மையாரும் அவர் அருகில் நின்று பௌத்தம் தழுவினார்.